ஓர்மை குறைந்த லேப்டாப்பும் குமுளி மாடிக்கடையும்

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. ஏலக்காய் ஸ்டோர் வாசலில் கூடலூர் ஜீப் நான்கு வந்து நிற்கிறது. காய் எடுப்புக்கு வந்த 46 பேரும் கூலி வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் மலை இறங்கியாக வேண்டும். நான் கூலிக் கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றிவிட்டு, திரையில் நீல வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "என்ன கணக்கக்கா, பொட்டி தூங்கிருச்சா?" என்று வரிசையில் முதலாவதாக நின்ற அம்மா கேட்டார். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஆவணியில் நடந்தது இது. அதற்கடுத்த வாரம்தான் லேப்டாப்பின் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) மாற்றும் வேலையில் இறங்கினேன். இரண்டு இடங்களில் முட்டி மோதி, கடைசியில் குமுளியில் ஒரு மாடிக்கடையில் காரியம் முடிந்தது. அந்தக் கடையைப் பற்றியும், போட்ட ரேமைப் பற்றியும் எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இருவருமே என்னைப் போலப் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள்.

முதலில் என் பொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230, 2012ஆம் ஆண்டு மாடல். மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம். ஏதோ கம்பெனியில் உழைத்து ஓய்வு பெற்றதை 2019இல் 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். கனமாக இருக்கும், அழகு கிடையாது. ஆனால் கீபோர்டு மாதிரி கீபோர்டு இதுவரை நான் தொட்டதில்லை. நாள் முழுக்க எண் அடிக்கிறவளுக்கு அதுதான் முக்கியம். இரண்டு வருஷத்துக்கு முன்பே பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டாயிற்று. அதனால் ஆன் செய்தால் சட்டென்று எழுந்துகொள்ளும். எழுந்த பிறகுதான் தகராறு.

மூன்று சின்ன ஏலத்தோட்டங்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். ஒரே நேரத்தில் எக்செல், டாலி, குரோமில் ஜிஎஸ்டி பக்கம், பேங்க் பக்கம், புற்றடியிலும் போடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் அன்றைக்கு என்ன விலை போனது என்று பார்க்க ஒரு பக்கம், தோட்டக்காரர்கள் பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பும் வாட்ஸ்அப் வெப் என்று எல்லாம் திறந்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் மெமரி 93 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது.

எஸ்எஸ்டி போட்ட பிறகும் ஏன் இப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. அப்புறம் எங்கள் ஸ்டோரிலேயே பதில் கிடைத்தது. காய் பிரிக்கும் மேசை சின்னதாக இருந்தால் பாதிக் காயைத் திரும்பச் சாக்கில் கொட்டி வைத்துவிட்டுத்தான் மீதியைப் பிரிக்க முடியும். அப்புறம் இதை அள்ளிவிட்டு அதைக் கொட்ட வேண்டும். ரேம் அந்த மேசை, டிஸ்க் அந்தச் சாக்கு. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் பாதியைத் தூக்கி டிஸ்கில் வைக்கிறது, கேட்டால் திரும்ப எடுத்து வருகிறது. எஸ்எஸ்டி போட்டதால் சாக்குக் கட்டி அவிழ்ப்பது வேகமாகியிருக்கிறதே தவிர, மேசை அதே மேசைதான்.

சரி, முதல் முட்டல். மலைக்குக் கீழே ஒரு ஊரில், கண்ணாடிக் கதவும் ஏசியும் உள்ள ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "மேடம், பத்து வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. இதுக்கு எது போட்டாலும் தண்டச் செலவு" என்று சொல்லி 38,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் ஒன்றைக் காட்டினார். அழகான மெல்லிசு. ரேம் எவ்வளவு என்று கேட்டேன். 8 ஜிபி. பிற்பாடு கூட்டலாமா என்றேன். முடியாது, போர்டிலேயே பற்றவைத்து வருகிறது என்றார். பழைய பொட்டியில் 16 ஜிபி வரை போடலாம் என்று அதன் விவரப் பக்கத்தில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். டீ வாங்கித் தந்தார்கள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது, ஆன்லைன். '8 ஜிபி, 1600, லேப்டாப் ரேம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஆர்டர் போட்டேன். நான்கு நாளில் வந்தது. யூடியூபைப் பார்த்து நானே மாட்டினேன். ஆன் செய்தால் திரை இருட்டு, பீப் பீப் என்று சத்தம் மட்டும். கழற்றினால் லேப்டாப் நல்லபடியாக ஓடுகிறது, மாட்டினால் பீப். என் கையில்தான் கோளாறு என்று நினைத்து நான்கு முறை கழற்றி மாட்டினேன். திருப்பி அனுப்பிப் பணம் வந்து சேர 11 நாள். காரணம் என்னவென்று அந்த விற்பனையாளருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மாடிக்கடைக்காரர்தான் பிறகு விளக்கினார். அந்த விளக்கத்துக்காகவே இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் தனியாகத் தரலாம்.

கடைக்கு வழி: தமிழ்நாட்டு பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி, செக்போஸ்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஐந்து நிமிட நடை. ஏலக்காயும் மிளகும் சாக்லேட்டும் விற்கும் கடைகளுக்கு மேலே முதல் மாடி. படி குறுகல். மழைக்காலத்தில் வழுக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது. போர்டு மலையாளத்திலும் தமிழிலும் இருக்கிறது. உள்ளே ஒருவர் நிற்கலாம், இரண்டாமவர் படியில் நிற்க வேண்டும். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும், கோட்டயம் பக்கத்துக்காரர். உதவிக்குக் கூடலூர்ப் பையன் ஒருவன். அவர் என்னை 'சேச்சி' என்கிறார், அவன் 'அக்கா' என்கிறான். இருவரையுமே நான் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறேன், இருவருமே திரும்பிப் பார்க்கிறார்கள்.

என்ன பிரச்சினை என்று சொன்னேன். ஆன் செய்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதினு ஓர்ம குறவாணு சேச்சி, வேற ஒண்ணும் இல்ல" என்றார். ஓர்மை, அதாவது நினைவு, குறைவாம். என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் அதே சொல்லைத்தான் வீட்டில் சொன்னார்கள். அடுத்து "குழப்பமில்ல" என்றார். மலையாளத்தில் அதற்குப் 'பரவாயில்லை, பிரச்சினை இல்லை' என்று பொருள். இங்கே இத்தனை வருஷம் இருந்தும், அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கோ குழப்பம் என்றுதான் என் காதில் முதலில் விழுகிறது.

எனக்குப் பிடித்தது அவர் கேட்ட முதல் கேள்வி. ரேம் எத்தனை ஜிபி வேண்டும் என்று கேட்கவில்லை. "விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவரே பார்த்துக்கொண்டார், 64 தான். 32 பிட்டாக இருந்திருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு உள்ளேதான் பயன்படுமாம். என் சித்தி மகன் தன் லேப்டாப்பில் 8 ஜிபி போட்டுவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லை, ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அன்று மாலையே போன் போட்டுச் சொன்னேன். அவனுடையது 32 பிட்.

அப்புறம் அந்த ஆன்லைன் ரேமின் போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். கறுப்புச் சில்லுகளை எண்ணச் சொன்னார். எட்டு. தன் டப்பாவிலிருந்து இன்னொரு 8 ஜிபி ஸ்டிக்கை எடுத்துக் கையில் கொடுத்து, இதை எண்ணுங்கள் என்றார். ஒரு பக்கம் எட்டு, திருப்பினால் இன்னும் எட்டு, ஆக 16. இரண்டும் 8 ஜிபிதான். ஆனால் எட்டுச் சில்லில் 8 ஜிபியை அடைத்தால் ஒவ்வொரு சில்லும் இரண்டு மடங்கு அடர்த்தி, அதாவது 8 ஜிகாபிட் (ஒரு ஜிபி). என் பொட்டியின் மூன்றாம் தலைமுறை பிராசசர் 4 ஜிகாபிட் சில்லு வரைக்கும்தான் படிக்கும். அதற்கு மேலே போனால் அதற்கு எழுத்தே தெரியாது, பீப் அடித்துவிட்டு நின்றுவிடும். மூன்றாம் தலைமுறையோ அதற்கும் முந்தியதோ வைத்திருக்கிறவர்கள் 8 ஜிபி ஸ்டிக் வாங்கும்போது தயவு செய்து எண்ணிப் பார்த்து வாங்குங்கள். நான் 11 நாள் கொடுத்துக் கற்ற பாடம்.

வோல்ட் விஷயமும் சொன்னார். ரேம் வகைகளில் டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட். டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட், ஆனால் 1.5 கொடுத்தாலும் தாங்கும். ஸ்டிக்கர் மேல் 'பிசி3எல்' என்று எல் எழுத்து இருந்தால் அது இரண்டாவது வகை. என்னுடையதில் இரண்டுமே ஓடும். பழைய ஸ்டிக்கோடு சேர்த்துப் போட்டாலும் ஓடும். நான்காம் தலைமுறை லேப்டாப் வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும், அதற்கு எல் போட்டது மட்டுமே ஆகும். டிடிஆர்4 ஸ்டிக்கை யாராவது மலிவாகத் தந்தால் வாங்கிவிடாதீர்கள். டிடிஆர்3க்கு 204 ஊசி, அதற்கு 260. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். பள்ளத்தில் உட்காரவே உட்காராது.

என் எதிரிலேயே வேலையைத் தொடங்கினார். சார்ஜரைப் பிடுங்கினார், பேட்டரியைக் கழற்றினார், பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் போகட்டும் என்றார். எக்ஸ்230இல் அடிப்பக்கம் ஒரு சின்ன மூடி, இரண்டு திருகு. ரேம் பள்ளம் இரண்டும் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. இந்த வேலைக்கு முழு லேப்டாப்பையும் பிரிக்க வேண்டியதில்லை.

மூடியைத் திறந்ததும் கடை முழுக்க ஏலக்காய் வாசம். கூடலூர்ப் பையன் "அக்கா, பாயாசத்துக்குப் போடலாம் போலயே" என்றான். ஸ்டோர் பக்கத்திலேயே வைத்து வேலை செய்வதால் காயின் தோல் தூசு உள்ளே போய் அடைந்திருந்தது. காலியாக இருந்த பள்ளத்தில் ஈரம் பட்டுப் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது. ஆடிச் சாரலில் குமுளியில் துணியே மூன்று நாள் காயாது, இது மட்டும் என்ன. சிறிய பிரஷ்ஷில் ஆல்கஹாலைத் தொட்டுத் துடைத்தார். பழைய ஸ்டிக்கின் பொன் பற்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்தார். நானே மாட்டியபோது இதெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. ஸ்டிக்கைச் சரிவாக நுழைத்து, பொன்நிறப் பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே தள்ளி, பிறகுதான் கீழே அமுக்கினார். இரண்டு பக்கமும் கொக்கி 'டக்' என்று பிடித்தது.

மூடுவதற்கு முன் எஃப்1 அழுத்தி பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) 12 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்தார். பழைய 4, புது 8. அளவு வேறு வேறாக இருந்தால் ஓடாது என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அது தப்பு. முதல் 4ம் 8இல் ஒரு 4ம் ஜோடி போட்டு இரண்டு பாதையில் ஓடும், மிச்சம் 4 தனிப் பாதையில் ஓடும். இரண்டும் 8 ஆக இருந்தால் முழுக்க ஜோடி. என் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, திரைக்கு வேண்டிய நினைவகத்தையும் இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் ஜோடியாக இருந்தால் அதற்கும் நல்லது. கணக்கு எழுதுகிறவளுக்கு அது பெரிய வித்தியாசமில்லை, வீடியோ பார்க்கிறவர்கள் யோசிக்கலாம்.

இங்கே ஒரு குறை. சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பையன் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டான். எழுதி லேப்டாப் மேல் ஒட்டி வைக்கிற பழக்கமாம். பக்கத்தில் இருந்த மூன்று லேப்டாப்புகளின் மேலும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது, எல்லாவற்றிலும் பாஸ்வேர்டு. மூன்று தோட்டத்தின் பேங்க் விவரம் உள்ள பொட்டி இது, தர முடியாது என்றேன். கடைக்காரர் குறுக்கிட்டு, வேண்டியதில்லை என்றார். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் பென் டிரைவிலிருந்து நேராக ஓடுமாம், விண்டோஸுக்குள் போகவே வேண்டாமாம். அப்படியானால் அந்தச் சீட்டுகள் எதற்கு என்று கேட்டேன். சிரித்தார், பதில் சொல்லவில்லை. ரேம் மாற்ற எந்தக் கடையிலும் பாஸ்வேர்டு தர வேண்டிய அவசியமில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மெம்டெஸ்ட் ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கீழே போய்ப் பழம்பொரியும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். பிழை பூஜ்ஜியம் என்று திரையைக் காட்டினார். பெரிய கடையில் இவ்வளவு நேரம் யாரும் ஒரு 1,100 ரூபாய் ரேமுக்காக மேசையை ஒதுக்கித் தரமாட்டார்கள்.

ஆம், ஸ்டிக் 1,100. புதிது இல்லை, வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றியது. அதை அவர் மறைக்கவில்லை. டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது என்றார். ஆறு மாத கேரண்டி, ஸ்டிக்கர் மேல் தேதி போட்டுக் கையெழுத்து. சுத்தம் செய்து மாட்டிய கூலி 250. ஃபேனைத் துடைத்து பிராசசருக்குச் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் வைக்க 150. ஆக மொத்தம் 1,500. பில் கேட்ட பிறகுதான் கொடுத்தார், அதுவும் துண்டுச் சீட்டில் கையெழுத்தாக. கணக்கு எழுதுகிறவளிடம் துண்டுச் சீட்டு நீட்டியதற்காக அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

பணம் வாங்குவதற்கு முன் அவர் சொன்ன இன்னொன்று முக்கியம். "சேச்சி, ரேம் கூட்டினாலும் விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது." அதற்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். என்னுடையதில் ஓடுவது விண்டோஸ் 10, அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றார், டாலிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். இருவருமே அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். விற்கிற ஆளே பொருளின் ஆயுசைச் சொல்லி விற்பது எனக்குப் புதிது. 38,000 ரூபாய்க்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பொட்டிக்கு ஆயுசு கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கு 1,500 ரூபாய் தண்டச் செலவு இல்லை.

வித்தியாசம் எப்படி? என் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்த கணக்கு இது. எல்லாம் திறந்திருக்கும்போது கூலிக் கணக்கைத் திறக்க முன்பு 1 நிமிடம் 50 விநாடி, இப்போது 14 விநாடி. டாலியிலிருந்து குரோமுக்கு மாறினால் முன்பு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கலாம், இப்போது டம்ளரை எடுக்க முடியாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி 55 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. ஆனால் ஆன் ஆகும் நேரத்தில் மாற்றமே இல்லை, அது எஸ்எஸ்டி செய்யும் வேலை. பெரிய பிடிஎஃப் ஸ்கேன்களைத் தமிழ் எழுத்தாக மாற்றும்போதும் முன்பிருந்த அதே வேகம்தான், அது பிராசசர் பாடு. ரேம் போட்டால் லேப்டாப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெமரி நிறைந்து திணறுகிற பொட்டிக்குத்தான் அது மருந்து. உங்களுடையது 50 சதவீதத்தில் நின்றுகொண்டே மெதுவாக இருந்தால் நோய் வேறு.

அடுத்த சனிக்கிழமை நான்கு ஜீப்பும் நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கிளம்பின. மலையடியில் லோயர்கேம்ப் இறங்கும்போது இன்னும் வெளிச்சம் இருந்ததாம்.

கடைக்கு ஐந்துக்கு நான்கு. மாடிப்படிக்கு அரை, துண்டுச் சீட்டுக்கு அரை குறைத்தாயிற்று. மஞ்சள் சீட்டுக்கும் அரை குறைக்கத்தான் நினைத்தேன், சில்லு எண்ணச் சொல்லித் தந்ததற்காக விட்டுக்கொடுத்தேன். ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் பத்து மணிக்கு என்று போர்டில் இருக்கிறது, பதினொன்றுக்கு முன் போகாதீர்கள்.

பழைய 4 ஜிபியை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு 8 போட்டு 16 ஆக்கிவிடலாமே என்று ஆசை வந்து கேட்டேன். 16 சில்லு வைத்தது இப்போது கையில் இல்லை, வந்ததும் போன் செய்கிறேன், "குழப்பமில்ல" என்றார். ஐந்து வாரம் ஆகிறது. போன் வரவில்லை.